3.5 சதவீதம் என்றார்கள், தோண்டினால் 39

மாமா தன் ரிட்டயர்மென்ட் பணத்திலிருந்து 3,000 டாலரை ஃபாரெக்ஸில் (நாணய வர்த்தகத்தில்) போட்டிருந்தார். டிரேட் செய்வது வேறொருவர். ஏழு மாதத்தில் பேலன்ஸ் 3,840. "இன்னும் கொஞ்சம் போடலாமாப்பா?" என்று டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டில் வைத்துக் கேட்டார். டிராடவுனை, அதாவது கணக்கு உச்சத்திலிருந்து எவ்வளவு சரிந்தது என்பதை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மாமா என்றேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்துவிட்டது. இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்த ஆளிடம் ஸ்டேட்மென்ட் கேட்டேன். மெட்டாட்ரேடர் 4 என்ற டிரேடிங் மென்பொருளின் ரிப்போர்ட்டில் கடைசிப் பகுதியை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிராடவுன் 3.5 சதவீதம். அந்த எண் முடித்த டிரேடுகளை மட்டும் வைத்துப் போடுவது. நஷ்டத்தில் கிடக்கும் டிரேடை மூடாமல் வைத்திருக்கும் வரை அது அதில் வரவே வராது. திறந்த டிரேடுகளின் லாப நஷ்டத்தையும் சேர்த்தால்தான் ஈக்விட்டி. அந்தப் பகுதியைத்தான் படத்தில் வெட்டியிருந்தார். முழு ஃபைல் கேட்டால், "இதுலயே எல்லாம் இருக்கே" என்று பதில்.

புரோக்கரின் சாட்டில் ஈக்விட்டி விவரம் கேட்டேன். மூன்று தடவை, மூன்று பேர், எல்லோரும் அனுப்பியது ஒரே பிடிஎஃப்.

கடைசியில் பார்த்தால் கணக்கு மாமா பெயரில்தான் இருக்கிறது. கிளையன்ட் போர்ட்டலில் அவரே இன்வெஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள முடிந்தது. அதை வைத்து டிரேட் செய்ய முடியாது, எல்லாவற்றையும் பார்க்கலாம். யாரிடமும் கெஞ்சியிருக்கவே வேண்டாம்! உங்கள் வீட்டுப் பணம் இப்படி எங்காவது இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

முழு ஹிஸ்டரி கைக்கு வந்தது. ஆனால் பழைய ஈக்விட்டியை மெட்டாட்ரேடர் 4 சேமித்து வைப்பதில்லை. எக்செலில் மணிக்கு மணி நானே கட்ட வேண்டியிருந்தது: அந்த நேரத்தில் எந்த டிரேடுகள் திறந்திருந்தன, விலை எவ்வளவு கீழே போனது என்று. முதல் சனி, ஞாயிறு இரண்டும் வீண். விலைகளை வேறொரு இடத்திலிருந்து எடுத்திருந்தேன், அவை கிரீன்விச் நேரத்தில் இருந்தன. ஸ்டேட்மென்டோ புரோக்கரின் சர்வர் நேரத்தில், மூன்று மணி நேரம் முன்னால். விலையையும் அதே மெட்டாட்ரேடரில் இருந்தே எடுங்கள். நடுவில் பணம் போட்டிருந்தாலோ எடுத்திருந்தாலோ அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டது சரிவை மறைக்கும், எடுத்தது இல்லாத சரிவைக் காட்டும்.

இரண்டாவது வார இறுதியில் அந்த வரிசை கண்ணில் பட்டது. யூரோ-டாலரில் 0.10 லாட் (10,000 யூரோ) வாங்கியிருக்கிறார். 50 பிப் (ஒரு பிப் என்றால் விலையில் 0.0001) இறங்கியதும் இன்னொன்று, மறுபடி 50 இறங்கியதும் இன்னொன்று. இப்படி ஏழு. ஏழாவதற்கும் கீழே இன்னொரு 50 பிப் விலை போயிருக்கிறது. 0.10 லாட்டுக்குப் பிப் ஒன்றுக்கு 1 டாலர். முதல் டிரேடில் நஷ்டம் 350, அடுத்ததில் 300, 250 என்று ஏழாவதன் 50 வரை கூட்டினால் 1,400 டாலர். பேலன்ஸ் 3,600 என்று காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஈக்விட்டி 2,200. கிட்டத்தட்ட 39 சதவீத டிராடவுன். அங்கேயே மூடியிருந்தால், இழந்ததை மீட்க மிச்சப் பணத்தில் 64 சதவீதம் லாபம் வேண்டும். விலை தானாகத் திரும்பியதால் தப்பித்திருக்கிறோம், வேறு காரணம் எதுவும் இல்லை.

இதற்கிடையில் நடப்பு ஈக்விட்டியை நிமிடத்துக்கு நிமிடம் பதிய என் லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடவிட்டிருந்தேன். டர்பனில் இரவு 11 மணி ஆனால் நியூயார்க் சந்தை நாள் முடிகிற நேரம் (அங்கே குளிர்காலமானால் நமக்கு 12), ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) விரிந்து ஈக்விட்டி குதிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ரௌட்டரும் அணைந்தது. பதிவதென்றால் விபிஎஸ் (இணையத்தில் எப்போதும் ஓடும் கணினி) வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் பிறர் பணத்தைத் தன் விருப்பப்படி டிரேட் செய்ய, நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏவிடம் இரண்டாம் வகை உரிமம் வேண்டும். அந்த ஆள் கொடுத்த எஃப்எஸ்பி எண்ணை (உரிம எண்) எஃப்எஸ்சிஏ தளத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் வகை.

எக்செலை மாமாவிடம் காட்டினேன். அவர் போனை எடுத்து, 2,200-க்கு இறங்கிய அந்தத் தேதிக்கு வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே போனார். அன்று மாலை வந்த செய்தி இருந்தது: "இன்று 22 டாலர் லாபம்." அதை அத்தையிடம் நீட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

திறந்த டிரேடு எதுவும் அப்போது இல்லை. அன்றிரவே பாஸ்வேர்டுகளை மாற்றி, முழுத் தொகையையும் எடுக்க விண்ணப்பித்தோம். நான்காவது வேலை நாளில் பணம் மாமாவின் வங்கிக்கு வந்து சேர்ந்தது.