ஒரு ஸ்வெட்டர், இரண்டு சிவப்பு

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது, தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள எங்கள் அரசுக் குடியிருப்பு வீட்டில் சாயம் ஏற்றாத வெள்ளைக் கம்பளி நூல் பதினொரு சிட்டங்கள், அதாவது சுற்றிக் கட்டிய நூல்கட்டுகள், இருந்தன. ஒவ்வொன்றும் 100 கிராம். அவற்றில் நான்கு, காலுறைக்கான மெல்லிய நூல். நூற்றுக்கு 75 பங்கு மெரினோ கம்பளியும் 25 பங்கு நைலானும் சேர்த்து முறுக்கியது, 100 கிராமுக்கு 400 மீட்டருக்குச் சற்று மேல் நீளம் வரும். மற்ற ஏழும் ஸ்வெட்டருக்கான தடித்த நூல், முழுக் கம்பளி. அந்தப் பதினொரு சிட்டங்களும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன ஆயின என்பதை என் குறிப்பேட்டைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

பின்னலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேல்மாடியில் இருக்கும் காங்க்ரா ஆன்ட்டி. தில்லிக் குளிர்காலத்தில் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து, கையைப் பார்க்காமலே பேசிக்கொண்டு பின்னுகிற தலைமுறையைச் சேர்ந்தவர். பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி; நேர்க்கண்ணிக்குச் சீதா, எதிர்க்கண்ணிக்கு உல்டா, ஊசிக்குச் சலாய் என்று அவர் சொல்லிக் கேட்டுப் பழகியதால், இன்றைக்கும் மனத்துக்குள் எண்ணும்போது எனக்குச் சீதாவும் உல்டாவும்தான் வருகின்றன. சாயத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் என் அம்மா சின்னாளப்பட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சிட்டம், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்), சாயம் முக்குதல் ஆகிய சொற்களெல்லாம் அவர் வாயிலிருந்து எனக்கு வந்தவை.

கடைகள் மூடியிருந்ததால் முதல் சாயம் வெங்காயத் தோலிலிருந்தே கிடைத்தது. தோல் எடையில்லாத பொருள்; 100 கிராம் நூலுக்கு 100 கிராம் தோல் சேர்ப்பதென்றால் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கு ஆகும். எங்கள் படிக்கட்டில் இருந்த ஆறு வீட்டாரும் தோலைப் பையில் கட்டி எங்கள் வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரங்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை என்பதால் அந்தப் பைகளைப் பார்க்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தது.

கம்பளியில் இயற்கைச் சாயம் பிடிக்க முதலில் படிகாரம் ஏற்ற வேண்டும். 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஏற்கெனவே நனைத்து வைத்த நூலை அதில் இறக்கி, கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் சூடாக வைத்து, இரவு முழுவதும் அதே நீரில் ஆற விட்டேன். சாயத்துக்கென்று ஒதுக்கிய பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது என்பதால், அடி நசுங்கிய பழைய ஐந்து லிட்டர் எவர்சில்வர் அடுக்கை இதற்கே கொடுத்துவிட்டேன். மறுநாள் தோலை வேகவைத்து வடிகட்டிய நீரில் நூல் முக்கால் மணி நேரம் கிடந்து, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்தில் வெளியே வந்தது.

முன்னோட்டத்துக்காக எடுத்த முழுக் கம்பளிச் சிட்டம் ஒன்றை அப்போது இழந்தேன். சூட்டிலிருந்து எடுத்த நூலை நேராகக் குழாய்த் தண்ணீரில் பிடித்து அலசினேன். கம்பளி இழையின் மேல் மீன் செதிள்போல் நுண்ணிய செதிள்கள் உண்டு. வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு, கையும் கசக்கினால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோட்டு மாட்டிக்கொள்ளும். இரண்டே நிமிடத்தில் சிட்டம் பிரிக்க முடியாத கயிறாகிவிட்டது. காலுறை நூல் செதிள் மட்டுப்படுத்தப்பட்டு ஆலையிலிருந்து வருவதால் இந்தத் தொல்லை அதில் குறைவு. ஆக, ஸ்வெட்டருக்கு ஏழு ஆறானது.

காலுறை நூலில் ஒரு சிட்டத்தை அப்படியே விடாமல், பாதியை மட்டும் அன்னபேதி என்ற இரும்பு உப்பு கரைத்த நீரில் கால் மணி நேரம் தொங்கவிட்டேன். இரும்புச் சத்து பட்ட இடம் கரும்பச்சையாக மாறியது. 100 கிராமுக்கு 2 கிராம் அன்னபேதி போதும். மிகுந்தால் கம்பளி சொரசொரப்பாகி நாளடைவில் இற்றுப்போகும். பாதி பித்தளை, பாதி பச்சை என்று உருவான இந்தச் சிட்டத்தில்தான் கையால் சாயமேற்றிய நூலின் இயல்பை முதன்முதலாகக் கண்டேன். 2.25 மில்லிமீட்டர் எஃகு ஊசிகள் ஐந்து. நான்கில் பதினாறு பதினாறாக 64 கண்ணிகள், ஐந்தாவது வேலை செய்யும் ஊசி. கணுக்காலுக்கு மேலே பின்னிய வரை பச்சை நிறம் கொடிபோலச் சுற்றிச் சுற்றி ஏறியது. குதிகாலைத் திருப்பிய பின் இருபக்க ஓரங்களிலிருந்தும் கண்ணி எடுத்ததும் எண்ணிக்கை 82 ஆகிவிட, ஒரு சுற்றுக்குச் செலவாகும் நூலின் நீளம் மாறியது. கொடி அறுந்து, ஒரு பக்கம் பச்சைத் திட்டு, மறுபக்கம் மஞ்சள் திட்டு என்று நிறம் குவிந்தது. மீண்டும் 64-க்குக் குறைந்ததும் கொடி தானாகவே திரும்பி வந்தது. கண்ணியின் எண்ணிக்கையை நிறம் இப்படிக் கண்முன் எழுதிக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை; அந்த ஒரு சாண் பின்னலை எத்தனை முறை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

விரல் முனையை மூடும் முறைக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்த கிச்சனரின் பெயரால் அது வழங்குகிறது. பதுங்குகுழிச் சேற்றில் நாட்கணக்கில் நின்ற வீரர்களுக்குக் கால் அழுகும் நோய் வந்த காலம் அது. உலர்ந்த காலுறை மாற்றிக்கொள்வது அன்றைக்கு மருத்துவத் தேவையாக இருந்ததால், வீட்டுப் பெண்கள் லட்சக்கணக்கில் பின்னி அனுப்பினார்கள். விரலில் உறுத்தும் தடிப்பு இல்லாமல் இரண்டு ஊசிக் கண்ணிகளையும் தையலூசியால் கண்ணிபோலவே இணைப்பதுதான் அந்த முறையின் சிறப்பு.

சமையல் மஞ்சளின் சாயம் வெயிலில் நிற்குமா என்றும் சோதித்தேன். சிறு துண்டு பின்னி, பாதியை அட்டையால் மூடி, தெற்குச் சன்னலில் ஒரு வாரம் வைத்தேன். மூடாத பாதி வெளுத்து எலுமிச்சைத் தோலின் உட்புறம்போல் ஆகிவிட்டது. மஞ்சளில் பின்னுவதை அத்தோடு விட்டேன்.

ஸ்வெட்டருக்கு நான் விரும்பியது மஞ்சிட்டி வேரின் சிவப்பு. அந்த ஆண்டு அக்டோபரில், முகக்கவசத்தோடு பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லிக்குப் போய், அங்கே மஜீட் என்று கேட்டு அரைக் கிலோ வாங்கி வந்தேன். நூலின் எடைக்குச் சமமான எடை வேர் என்பது என் கணக்கு. பாத்திரம் சிறியது என்பதால் மூன்று சிட்டங்களை மட்டும் 300 கிராம் வேரில் முக்கி, மீதி மூன்றுக்குத் தேவையானதை மறுமுறை சந்தைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தேன். வேரைக் கொதிக்க விட்டால் நிறம் பழுப்பில் இறங்கிவிடுகிறது. கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் நிறுத்தி மூன்று மணி நேரம் வைத்தேன். எங்கள் பகுதியின் கடினத் தண்ணீரை வேறெதற்கும் நான் பாராட்டியதில்லை, ஆனால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மஞ்சிட்டிச் சிவப்புக்கு உதவுவது. புதிதாய்ச் சுட்ட செங்கல்லின் நிறம் வந்தது.

தொலைபேசியில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மொத்த நூலையும் முக்கிட்டியாடி?" என்பதுதான். "இல்லம்மா, பாதி. மீதியை அப்புறம்" என்றேன். "ஒரு பாவுக்கு உண்டானதை ஒரே தடவைல முக்கணும். அப்புறம்னு வச்சா அந்த நிறம் வராது" என்றார். பாத்திரத்தின் அளவைக் காரணம் சொல்லிப் பேச்சை மாற்றினேன். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லான் வகை ஸ்வெட்டர் (கையும் உடலும் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்கோட்டில் சேரும் வகை), என் கணவருக்கு. சோதனைத் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் இருந்தன. துவைத்து உலர்த்திய பின் 21 ஆனது. மார்புச் சுற்று 106 சென்டிமீட்டர் வர வேண்டும் என்பதால் 222 கண்ணிகள் என்று முடிவு செய்தேன். துவைக்காமல் கணக்கிட்டிருந்தால் 232 என்று வந்து, உடுப்பு ஐந்து சென்டிமீட்டர் தொளதொளத்திருக்கும். சோதனைத் துண்டைப் பின்னுவதோடு நிறுத்தாமல் துவைத்தும் பாருங்கள் என்று புதிதாகப் பின்னுகிற எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது இதனால்தான். குளிர்காலம் முழுவதும் பின்னி, மார்ச் மாதத்தில் அக்குளுக்குக் கீழே ஒரு சாண் வரை வந்திருந்தேன்.

2021 ஏப்ரல் 19 இரவு தில்லி மீண்டும் மூடப்பட்டது. அந்த வாரத்திலேயே என் கணவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைகளில் படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் மக்கள் அலைந்த நாட்கள் அவை. மருத்துவர் தொலைபேசியிலேயே வழிநடத்த, அவரை உள்ளறையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி அளவைச் சொல்வார். நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். கையில் ஸ்வெட்டர் எடுக்க மனம் வரவில்லை. காலுறை ஒன்று பின்னினேன். எழுத அருகில் இருந்தது பின்னல் குறிப்பேடுதான் என்பதால், அந்தப் பக்கங்களில் "குதிகால் பட்டை 32 வரிசை முடிந்தது" என்ற வரிக்கு எதிரே 95, அடுத்த வரிக்கு எதிரே 94, 93 என்று இருக்கிறது. 93 வந்த இரவில் மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார். விடியற்காலை நான்கு மணிக்கு 96 என்று குரல் கேட்டது. "எத்தனை சுத்து ஆச்சு?" என்று உள்ளிருந்து கேட்டார். "நீங்க தூங்குங்க, நான் எண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

எண்ணவில்லை என்பது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. 82-லிருந்து ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து 64-இல் நிறுத்த வேண்டியவள், நிறுத்தாமல் குறைத்துக்கொண்டே போய் 56-க்கு வந்திருந்தேன். அப்படியே விட்டால் பாதம் நுழையாது. எட்டுச் சுற்றுகளையும் அதற்குப் பின் பின்னியதையும் பிரித்து, கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினேன். பிரித்த நூல் நெளிநெளியாக மடியில் விழுந்துகொண்டிருந்தபோது அவர் பதினேழாம் நாள் அறையை விட்டு வெளியே வந்தார்.

மே மாத நடுவில்தான் மீண்டும் ஸ்வெட்டரை எடுத்தேன். மஞ்சிட்டி 200 கிராம் மட்டுமே மீதி, சந்தை மூடல். அக்டோபரில் வேகவைத்த வேரை உலர்த்தி வைத்திருந்தேன். அதையும் சேர்த்து ஊறவைத்து மூன்று சிட்டங்களையும் முக்கினேன். அன்று மே 18. மறுநாள் டவ்தே புயலின் மிச்சம் தில்லிக்கு வந்து, 24 மணி நேரத்தில் 119.3 மில்லிமீட்டர் மழை பெய்தது. மே மாதத்தில் தில்லி அதுவரை காணாத மழை. தாழ்வாரத்துக் கொடியில் தொங்கிய சிட்டங்கள் நான்கு நாளாகியும் உலரவில்லை. உலர்ந்தபோது நிறம் பழுத்த கொய்யாவின் உட்சதைபோல் இருந்தது. செங்கல்லின் அருகில் வைத்தால் இரண்டும் ஒரு வேரிலிருந்து வந்தவை என்று தெரியும். ஒரே நிறம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

பழைய சிவப்பில் 40 கிராம் பாக்கி இருந்தது. உடலில் இன்னும் நான்கு விரற்கடை அதிலேயே போயிருக்கலாம். ஆனால் இரண்டு கைகளும் தோளருகே செங்கல் நிறத்திலிருந்து சட்டென்று வெளிர் நிறத்துக்குத் தாவினால், கையை வேறொரு சட்டையிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். அதனால் அந்த 40 கிராமை மூன்றாகப் பிரித்து, உடலுக்கு ஒரு பங்கும் கைகளுக்கு ஒவ்வொரு பங்கும் வைத்து, மூன்று இடங்களிலும் இரண்டு சுற்று பழையது, இரண்டு சுற்று புதியது என்று பதினாறு சுற்றுகள் மாற்றி மாற்றிப் பின்னினேன். ஒரே சாயத்தில் முக்கிய சிட்டங்களுக்கிடையே கூட நிறம் சற்று வேறுபடும் என்பதால், கைச்சாய நூலில் பின்னுகிறவர்கள் இரண்டு சிட்டங்களை இப்படி மாற்றி எடுப்பது வழக்கம். நான் அதையே இரண்டு சாயங்களுக்கு இடையில் செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பு மெல்ல வெளுத்து இறங்குவதாகத் தெரிகிறது. கிட்டத்தில் பார்த்தால் கோடுகளை எண்ணலாம். ஆன்ட்டி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் நூல் தீர்ந்தது என்று சரியாகக் காட்டினார்.

2021 டிசம்பரில் என் கணவர் அதை அணிந்துகொண்டு என்னோடு எங்கள் பகுதி முருகன் கோயிலான மலை மந்திருக்குப் படியேறினார். அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அணிகிறார். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பிட்டு அழுத்தி மட்டும் எடுத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துகிறேன். மேல்பாகத்தின் செங்கல் நிறம் சற்றுத் தணிந்திருக்கிறது. கீழ்ப்பாகம் அவ்வளவாக மாறவில்லை. போன மாதம் இடது முழங்கையில் நூல் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. வெளிர்ச் சிவப்பில் 22 கிராம் டப்பாவில் இருக்கிறது. முழங்கையைச் சுற்றி 24 கண்ணிகள் எடுத்து ஒட்டுப் போடத் தொடங்கி, இதை எழுதும்வரை ஒன்பது வரிசைகள் ஆகியிருக்கின்றன.