"உங்கள் கணக்கில் ஒளி எங்கே?": கார்பன் டை ஆக்சைடு புராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில், டைட்டானியம் டை ஆக்சைடு மேல் ஒளி பட்டு கார்பன் டை ஆக்சைடு எரிபொருளாவதைக் கணினியில் ஆராய்ந்தேன். வைவாவில் முதல் கேள்வியே, "உங்கள் கணக்கில் ஒளி எங்கே இருக்கிறது?" என்பதுதான். இந்தத் தலைப்பை எடுப்பவர்களிடம் தேர்வாளர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நேர்மையான பதில்: நேரடியாக எங்கும் இல்லை. சாதாரண டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு ஆற்றலைக் கணக்கிடும் முறை) தருவது எலக்ட்ரான்களின் அடிநிலையை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையை மட்டும். அதனால்தான் ஸ்லாபில், அதாவது மேற்பரப்புக்கு மாதிரியாக எடுக்கும் மெல்லிய அணு அடுக்கில், ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்து, ஒளி தன் வேலையை முடித்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். கிளர்வுற்ற நிலையையே கணக்கிட டிடி-டிஎஃப்டி, பெத்தே-சால்பீட்டர் முறைகள் உண்டு. ஆனால் நூறு அணு ஸ்லாபுக்கு அவற்றைக் கல்லூரி கம்ப்யூட்டரில் ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. இதை மழுப்பாமல் சொன்னால் போதும், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்வி பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளி. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனடேஸுக்குச் சோதனை மதிப்பு சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். டிஎஃப்டியில் பரவலாகப் பயன்படும் பிபிஇ தோராயத்தைப் போட்டால் 2-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். அதைச் சரிக்கட்ட பிளஸ் யூ என்ற திருத்தத்தைச் சேர்த்தால், அந்த யூ மதிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பார்கள். "ஒரு கட்டுரையில் பார்த்தேன்" என்பது பதிலாகாது.

நன்றாக மனதில் வாங்க வேண்டியது ஓர் எண்: ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டால் மைனஸ் 1.9 வோல்ட். வளையாமல் நேர்கோடாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்குத் தனியாக ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, பிஎச் 7-இல் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். அனடேஸின் கடத்து பட்டையோ (ஒளி பட்ட எலக்ட்ரான் ஏறி நிற்கும் ஆற்றல் பட்டை) மைனஸ் 0.5 வாக்கில்தான் நிற்கிறது. பிறகு எப்படி வினை நடக்கிறது? மேற்பரப்பில் ஒட்டி, வளைந்து, புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தே வரும்போது தேவை வெகுவாகக் குறைகிறது; எட்டு எலக்ட்ரான் வாங்கி மீத்தேன் ஆவதற்கு மைனஸ் 0.24 போதும். துறையின் தலைவலி எல்லாம் இந்த இடைவெளியில்தான். புரோட்டான்-எலக்ட்ரான் ஜோடியின் ஆற்றலை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால், 2004-இல் வினையூக்க ஆய்வாளர் நோர்ஸ்கோவின் குழு தந்த வழியைச் சொல்லுங்கள்: பூஜ்ய வோல்ட்டில் அந்த ஜோடி பாதி ஹைட்ரஜன் மூலக்கூறுக்குச் சமம்.

அப்புறம் என்ட்ரோபி. வாயுவாக அலையும் கார்பன் டை ஆக்சைடு மேற்பரப்பில் ஒட்டும்போது அந்தச் சுதந்திரத்தை இழக்கிறது; அறை வெப்பநிலையில் வாயுவின் என்ட்ரோபி பங்கு மட்டுமே சுமார் 0.66 எலக்ட்ரான் வோல்ட். ஒட்டும் ஆற்றலோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், "நன்றாக ஒட்டுகிறது" என்று எழுதிய பல வரிகளை அடிக்க வேண்டிவரும். பிபிஇ-யில் மூலக்கூறுகளுக்கிடையிலான மெல்லிய வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு சரியாக வராது, அதைச் சேர்க்கும் டி3 திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். டிஎஃப்டி கணக்குப் போடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ இலவசம். ஸ்லாபைத் தொடுவதற்கு முன், கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து மீத்தேனும் நீராவியும் ஆகும் வினையை மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள். வினைவெப்பம் மோலுக்கு மைனஸ் 165 கிலோஜூல் வர வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ, அதையும் ஆய்வறிக்கையின் முதல் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.