சைன்-ஆஃப் ஆன ரிக்வயர்மென்ட்டை யாரும் படித்திருக்க மாட்டார்கள்

மென்பொருள் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்ற தேவைகளை அடுக்கிய எண்பது பக்க ரிக்வயர்மென்ட் ஆவணத்தை மெயிலில் அனுப்பி, "வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் தரவும்" என்று கேட்டால் ஒப்புதல் வந்துவிடும். படித்துவிட்டுத் தந்த ஒப்புதலாக இருக்காது. கையெழுத்துப் போடுபவர் ஒருவர், மென்பொருளோடு தினமும் மல்லுக்கட்டப்போகிறவர் வேறொருவர். இந்த இரண்டாமவர் யூ.ஏ.டி. நாளில்தான், அதாவது பயனர்கள் சோதித்து ஏற்கும் கடைசிக் கட்டத்தில்தான், முதன்முதலாகத் திரையைப் பார்ப்பார். "கேன்சல் பண்ணின பில் எங்கே போகும்?" என்று அவர் கேட்கும்போது நிரல் எல்லாம் எழுதி முடிந்திருக்கும்.

இதற்கு மாற்று, தேவைகளைக் கஸ்டமருக்கும் திறந்து வைப்பது. அப்படியென்றால் அந்த ஆவணத்தை இன்னும் பத்துப் பேருக்கு சி.சி. போடுவது இல்லை. அரைகுறையாக இருக்கும்போதே கஸ்டமரும் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு பதிவேடு வேண்டும். டெவலப்பரும் டெஸ்டரும் பார்ப்பது அதையேதான். கஸ்டமருக்கென்று மெருகேற்றிய தனிப் பிரதி வைத்தால், மாதம் ஒன்று போவதற்குள் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

ஜி.எஸ்.டி. பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். "பயனர் இன்வாய்ஸை எளிதாக ரத்து செய்ய முடிய வேண்டும்" என்று எழுதினால் யார் மறுப்பார்கள்? யாரும் மறுக்க முடியாத வாக்கியம் தேவை ஆகாது, அது வாழ்த்து. இப்படி எழுதிப் பாருங்கள் (ஐ.ஆர்.என். என்பது இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் தரும் பதிவு எண், கிரெடிட் நோட் என்பது போட்ட பில் தொகையைக் குறைக்கும் தனி ஆவணம்): "ஐ.ஆர்.என். கிடைத்த 24 மணி நேரம் வரை ரத்து பொத்தான் இருக்கும். அதன் பிறகு அதே இடத்தில் கிரெடிட் நோட் பொத்தான் வரும். ரத்தான இன்வாய்ஸ் எண்ணை மறுபடி பயன்படுத்த விடாது." கீழே காரணம்: 24 மணி நேரம் தாண்டினால் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ரத்தை ஏற்காது, ரத்தான எண்ணுக்கு மறுபடி ஐ.ஆர்.என். தராது.

இதை டெஸ்பாட்ச் பார்க்கிறவர் படித்தால் உடனே கேட்பார்: "சரக்குக்கு இ-வே பில் போட்ட பிறகு ரத்து பண்ணணும்னா?" நியாயமான கேள்வி. இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின் சீட்டு, உயிரோடு இருக்கும்வரை ஐ.ஆர்.என்.-ஐ ரத்து செய்ய முடியாது. முதலில் இ-வே பில்லை ரத்து செய்ய வேண்டும், அதற்கும் 24 மணி நேரக் கெடு உண்டு, வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் முடியாது. ஒரே கேள்வியில் பதிவேட்டில் எழுத மூன்று புதிய வரிகள் கிடைத்துவிட்டன. இவை யூ.ஏ.டி.-யில் வந்திருந்தால் திரை ஓட்டத்தையே பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், காரணம், நிஜத் தொகையும் தேதியும் போட்ட ஓர் உதாரணம், கேட்டது எந்தப் பொறுப்பில் இருப்பவர், இப்போதைய நிலை, கடைசியாக மாற்றிய தேதி ஆகியவை வேண்டும். வரியை நீக்கினாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தரக்கூடாது. பழைய மெயிலில் இருக்கும் '47' என்றைக்கும் அதே 47-ஆக இருக்க வேண்டும். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது, எது விருப்பம் என்பதற்குத் தலா ஒரே சொல்லை முதல் பக்கத்திலேயே நிர்ணயித்துவிடுங்கள். இணையத் தரநிலைகளை எழுதுகிறவர்கள் இதற்காகவே 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணத்தைப் போட்டார்கள். மூன்று பக்கம்தான், இன்றைக்கும் செல்லுபடி.

நிலைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 'செய்யப்போவதில்லை'. பெரும்பாலான குழுக்கள் மறைப்பதும் அதைத்தான். மறுத்ததைக் காரணத்தோடு கண்ணில் படும்படி வைத்தால் அதே கோரிக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வராது. பைத்தான் மொழியில் மாற்ற முன்மொழிவுகளான 'பெப்'களை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளடுக்கு லூப்பிலிருந்து (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) வெளி லூப்பைப் பெயர் சொல்லி நிறுத்தும் வசதியைக் கேட்ட பெப் 3136, 2007-இல் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பக்கம் இன்றும் இணையத்தில் இருக்கிறது.

கருவி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நூற்றைம்பது வரி வரைக்கும் பகிர்ந்த கூகுள் ஷீட் போதும். கஸ்டமருக்குக் கருத்திடும் அனுமதி மட்டும், திருத்தும் அனுமதி வேண்டாம். வேலைகளைப் பதிந்து தொடரும் மென்பொருளான ஜிராவில் லாகின் கொடுத்தாலும் கடைக் கணக்காளர் உள்ளே வரமாட்டார். அவர் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார், அதுவும் வாய்ஸ் நோட்டாக. அன்றே அதைப் பதிவேட்டில் ஏற்றி, "எண் 112-ஆகப் பதிந்திருக்கிறோம்" என்று அங்கேயே பதில் போடுங்கள். கருத்துக்கு இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் மூன்றாவது கருத்து வராது.

முழுப் பட்டியலை யாரும் திரும்பத் திரும்பப் படிக்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை அரைப் பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: புதிதாக வந்தவை, மாறியவை, விலக்கியவை, எண்களோடு. மாறிய வரிக்குப் பழைய வாசகமும் பக்கத்திலேயே இருக்கட்டும். பயன்படுத்தப்போகிறவர்களோடு உட்காரும்போது எட்டுப் பத்து வரிக்கு மேல் எடுக்காதீர்கள். அவர்களுடைய நிஜ பில் ஒன்றை வைத்து ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பாருங்கள்.

எந்தக் கோரிக்கை முதலில் வேண்டும் என்று கஸ்டமர்களை வாக்களிக்க வைக்கும் பொத்தான் வைக்கும் ஆசை வரும். அது நேரம் உள்ளவர்களைத்தான் எண்ணும். நாற்பது லாகின் உள்ள ஒரே நிறுவனம் பட்டியலைத் தன் பக்கம் சாய்த்துவிடும். அதைவிட, "இது இல்லாமல் இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "சமாளிச்சுக்கிறோம்" என்பதற்கும் "தனியா எக்செல்லில் ஏத்தி மாசக் கடைசியில் ஒரு நாள் முழுக்க டேலி பண்றோம்" என்பதற்கும் உள்ள தூரம்தான் முன்னுரிமை.

திறக்கக்கூடாதவையும் உண்டு: மற்ற கஸ்டமர்களின் பெயர், விலை, இன்னும் அடைக்காத பாதுகாப்பு ஓட்டை. வெளியீட்டுத் தேதியும் இதில் சேரும். பதிவேட்டில் 'மார்ச் 15' என்று போட்டால் அடுத்த வாரமே அது யாராவது ஒரு கொட்டேஷனில் ஏறிவிடும். காலாண்டுக்கு மேல் துல்லியம் வேண்டாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2020-இல் திறந்த பொது ரோட்மேப்பும் (வரப்போகும் வசதிகளின் பட்டியல்) காலாண்டுக் கணக்கில்தான் தொடங்கியது.

நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்ட வேலையில் இன்னொரு சிக்கல்: பதிவேடு எப்போதும் திறந்திருப்பதால், கருத்துப் போட்டாலே வேலை சேர்ந்துவிட்டது என்று கஸ்டமர் நினைப்பார். 'ஏற்றோம்' என்ற நிலைக்கு வந்த வரிக்குப் பத்து வேலை நாள் கருத்துக் காலம் கொடுங்கள், பிறகு பூட்டுங்கள். பூட்டிய வரியை மாற்ற வேண்டுமானால் புதிய எண், எத்தனை நாள் வேலை என்ற மதிப்பீடு, யார் செலவு என்ற பதில், மூன்றும் வேண்டும். இந்த விதியை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதிவிடுங்கள். நடுவில் கொண்டுவந்தால் சண்டைதான்.