ஒரே ஆட்டக்காரர், இரண்டு விலை

எங்கள் பேஸ்பால் லீக்கில் ட்ரேடுகளை, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதை, ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் என் பொறுப்பு. 'அவுட் ஆஃப் தி பார்க்' என்ற கணினி விளையாட்டில் நடக்கும் லீக் அது. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் சொந்தக்காரர்கள், பள்ளித் தோழர்கள் ஆளுக்கொரு அணியை நடத்துகிறார்கள். பள்ளியில் சாப்ட்பால் ஆடியவர்கள்தான் எல்லோரும், அதனால் விதிகளை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் அத்தை மகன் ஒரு ட்ரேட் அனுப்பினார். அவர் அணி கடைசி இடத்தில் கிடக்கிறது. தன் 34 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேனை, அதாவது முதல் தளத்தில் நிற்கும் பேட்டரை, கொடுத்து, மேலே போட்டியில் இருக்கும் அணியிடமிருந்து இன்னும் மைனர் லீக்கில் (கீழ்நிலை லீக்கில்) ஆடும் 21 வயது பிட்சரை, பந்து வீசுபவரை, வாங்குகிறார். உடனே குரூப்பில் சத்தம். "அக்கா, போன வருஷம் முப்பது ஹோம்ரன் அடிச்சவரு, இப்படியா தூக்கிக் கொடுக்குறது? நிறுத்துங்க" என்றான் ஒரு தம்பி.

நான் ஒப்புதல் கொடுத்தேன். சுமார் 10 ரன் கூடுதலாக வந்தால் ஒரு வெற்றி கூடும் என்பது பேஸ்பாலில் பழைய கணக்கு. அந்தப் பேட்டர், வாங்கும் அணியில் இப்போது ஆடுபவரைவிட மிச்சமுள்ள ஆட்டங்களில் 20 ரன் அதிகம் தருவார் என்று வையுங்கள். அது இரண்டு வெற்றி. 62 வெற்றியில் முடிக்கப்போகும் அணிக்கு 64 எதற்கு? 88-இல் நிற்கிற அணிக்கு 90 என்பது பிளே-ஆஃப். ஆள் ஒருவர்தான், விலை இரண்டு. இதில் யார் ஏமாந்தார் என்று தேடுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

வயதைப் பற்றிப் பேச எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாடமே தேவையில்லை. மலேசியாவில் செம்பனையை வணிகமாக முதலில் நட்டது இங்கே பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். மரம் மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கும், நடுவயதில் குலை குலையாகத் தள்ளும், 25 வயதை நெருங்கினால் காய்ப்பு இருக்கும்போதே சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். பேட்டர்களில் பெரும்பாலோருக்கு உச்சம் 26 முதல் 29 வரை. 34 வயதுக்காரர் அடுத்த வருஷமும் அதே 30 அடிப்பார் என்று நம்பி அணியை நடத்த முடியாது.

அதற்காக வயதை மட்டுமே பார்க்கவும் கூடாது. 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி அணி, ஃபிராங்க் ராபின்சன் என்ற பேட்டருக்கு வயதாகிவிட்டது என்று அவரைப் பால்டிமோர் அணிக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு 30. அடுத்த வருஷமே 49 ஹோம்ரன், 122 ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்கள்), .316 சராசரி என்று மூன்றிலும் தன் லீக்கில் முதலிடம் பிடித்து ட்ரிபிள் கிரவுன் வாங்கினார்.

சரி, அந்த இளம் பிட்சர்? மேஜர் லீக்குக்கு வந்தபின் ஆறு வருஷ சேவை முடியும்வரை அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். அத்தை மகன் வாங்கியது அந்த வருஷங்களை. ஆனால் திரையில் தெரியும் எதிர்காலத் திறன், 20 முதல் 80 வரையுள்ள அளவுகோலில், ஸ்கவுட்டின், அதாவது ஆட்டக்காரர்களின் திறமையை எடைபோடுபவரின், ஊகம் மட்டுமே. பிட்சர்களின் கை வேறு எப்போது பழுதாகும் என்று சொல்லவே முடியாது. 65 என்று போட்டிருந்தால் நான் 55 என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்ட ட்ரேட் என்றாலே எல்லோரும் பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, மிச்சிகனிலேயே பிறந்த அந்த 20 வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்து 36 வயது பிட்சர் டாய்ல் அலெக்ஸாண்டரை வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் பிறகு 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காத்துக்கொடுத்த ஆட்டங்கள்) எடுத்து 2015-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆனால் அலெக்ஸாண்டர் டெட்ராய்டில் என்ன செய்தார்? 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை, இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) 1.53. டெட்ராய்ட் டொரோன்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி டிவிஷனை வென்றது. அவர் இல்லாமல் அது நடந்திருக்காது. பிளே-ஆஃபில் மின்னசோட்டாவிடம் தோற்றது வேறு கதை. வாங்கப் போனது கிடைத்தது. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

நான் உண்மையில் பயப்படுவது மூன்றுக்கு ஒன்று ட்ரேடுகளைத்தான். தலைக்கு ஒன்றரை வெற்றி தரும் மூவரைக் கொடுத்து, ஐந்து வெற்றி தரும் ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவரை) கேட்பார்கள். நாலரைக்கு ஐந்து, காகிதத்தில் ஏறத்தாழ நியாயம். ஆனால் அணியில் இடம் 26 பேருக்குத்தான். மூவரை வாங்குகிறவர் ஏற்கனவே இருக்கும் இருவரை வெளியே அனுப்ப வேண்டும். கொடுத்தவருக்கோ இரண்டு இடம் காலி, அதில் சும்மா கிடைக்கும் ஆட்களைப் போட்டாலும் கொஞ்சம் தேறும். இதில் மூவரைக் கொடுத்தவர் பக்கம் சாய்வு மிக அதிகம்.

நேற்று அப்படி ஒன்று வந்திருக்கிறது, லீக்கில் புதிதாகச் சேர்ந்த பையனிடமிருந்து ஷார்ட்ஸ்டாப்பைக் கேட்டு. ஒப்புதல் தரப்போவதில்லை. இன்று வேலை முடிந்ததும் அவனை அழைத்து, அந்த இரண்டு இடங்களின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டப்போகிறேன்.