உடல் தானமும் பார்மலின் மேல் உள்ள நம்பிக்கையும்

உடல் தானம் செய்வதாக எழுதிக் கொடுத்தவரின் உடலை, நோய்த்தொற்று இருக்கலாம் என்று மருத்துவக் கல்லூரி ஏற்க மறுத்துவிட்டால், வீட்டார் அதை இறந்தவருக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையில் உடற்கூறியல் கற்பித்த ஆண்டுகளில் அந்தக் கோபத்தைத் தொலைபேசியில் பலமுறை கேட்டிருக்கிறேன். "எப்படியும் மருந்து ஏற்றித்தானே வைக்கப் போகிறீர்கள் சார், அதற்கப்புறம் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த மருந்தை ஏற்றுபவர் ஒருவர் இருக்கிறார் என்பது அதில் விடுபட்டுப்போகிறது.

எம்பாமிங் அறையில், அதாவது உடலைப் பதப்படுத்தும் அறையில், அனுபவமுள்ள உதவியாளர் ஒருவர் தொடையின் மேற்பகுதியைக் கீறி, தமனியைத் தேடியெடுத்து, குழாயைச் செருகி நூலால் கட்டி, பார்மலின் (பார்மால்டிஹைடு கரைந்த நீர்), பீனால், கிளிசரின் முதலியவை கலந்த சுமார் 10 லிட்டர் திரவத்தை மெல்லச் செலுத்துகிறார். திரவம் முழுவதும் ஊறும்வரை அது பதப்படாத உடல்தான். இரத்தம் கையுறையில் வழியும்; சில வேளை வாயிலும் மூக்கிலும் நுரை தள்ளும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில்கூட ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். காசநோய் இருந்தவரின் உடலைப் புரட்டும்போது நெஞ்சிலிருந்து வெளியேறும் காற்றும் ஆபத்தானதே. மாணவர்களுக்காகக் கவலைப்படுகிற அளவுக்கு இந்த உதவியாளருக்காக யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை வாடகை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. குளிர் அழுகலைத் தாமதப்படுத்துமே தவிர வைரஸைக் கொல்லாது. குளிரூட்டி வைத்த உடல்களில் இரண்டு வாரங்களுக்குப் பிறகும் எச்.ஐ.வி. உயிர்ப்புடன் இருந்தது பதிவாகியுள்ளது. அறுவைசிகிச்சைப் பயிற்சிக்காக, பார்மலின் ஏற்றாமல் உறையவைத்துப் பயன்படுத்தும் உடல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சரி, பார்மலின் ஊறிய பிறகு? பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். ஆனால் திரவம் இரத்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. காசநோயால் நுரையீரலில் கட்டிதட்டிப்போன பகுதிகளில் இரத்த ஓட்டமே இல்லாததால், அங்கே அது சரியாக எட்டுவதில்லை. மூளையைச் சிதைக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்க்குக் காரணமான பிரியான் என்பதோ உயிருள்ள கிருமியே அல்ல, உருமாறிய புரதம். பார்மலின் அதை அழிக்காது. அதனால்தான் அத்தகைய மூளைத் திசுவை ஆய்வுக்கூடங்களில் அடர் ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். சில மாதங்களிலேயே நினைவும் நடையும் குலைந்து இறந்தவரின் உடலைக் கல்லூரி தயங்காமல் மறுப்பதற்கும் இதுவே காரணம். (பார்மலினும் சாதுவன்று, அதிலுள்ள பார்மால்டிஹைடைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.)

இரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். அவசியம் செய்ய வேண்டும். ஆயினும் தொற்றின் தொடக்க நாட்களில் அது ஒன்றும் காட்டாமல் போகலாம். இறந்து நேரமாகிவிட்டால் இரத்த அணுக்கள் சிதைந்து முடிவே குழம்பவும் கூடும். ஆகவே குடும்பத்தார் சொல்லும் நோய் விவரத்தையே நான் பெரிதும் நம்புவேன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டதையோ மஞ்சள் காமாலையையோ கௌரவம் கருதி மறைத்தால், அதன் விலையை எம்பாமிங் அறையில் நிற்பவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளும் போட்டு, எதிர்ப்புச் சக்தி உண்டானதா என்று பார்த்த பிறகே கல்லூரிகள் அவரை அந்த அறைக்குள் அனுப்ப வேண்டும். ஒப்பந்த ஊழியராக இருந்தாலும் இது பொருந்தும்.