தூக்குப்போசியில் தொடங்கி ஸ்டார்ட்டர் பெட்டி வரை: ரகசியச் சாவியைத் தகட்டில் அடித்துப் பார்த்தது

எடுத்துக்கொண்டது, கோப்புகளைப் பூட்டும் 'ஏஜ்' (age) மென்பொருளின் 32 பைட் ரகசியச் சாவி. பென்டிரைவ் சொல்லாமல் சாகும், காகிதம் கரையானுக்குப் போகும். அதனால் சாவியை உலோகத்தில் பதித்து வைக்கப் பார்த்தோம்.

முதல் முயற்சி தூக்குப்போசி (கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரம்). அடியில் பேர் வெட்டுவதுபோல் பொறிக்கலாம் என்று கணக்கு. கடையில் கொடுத்தால் சாவி கடைக்காரர் கண்ணில் படும். நாமே பஞ்ச் (எழுத்து அச்சு) வைத்து அடித்தால் மெல்லிய அடிப்பக்கம் உள்வாங்குகிறது. போதாததற்குப் போசி ஓரிடத்தில் நிற்காது. சீருக்குப் போகும், இல்லை பழசைப் போட்டுப் புதுசு வாங்கப் போகும். கைவிட்டாச்சு.

இப்போது ஓடுவது தகடு. 1979-ல் ஆதி ஷமிர் வெளியிட்ட ரகசியப் பங்கீட்டை, பங்குகளைச் சொற்களாக எழுதும் ஸ்லிப்-39 (SLIP-39) வடிவில் பயன்படுத்துகிறோம்: மூன்று பங்கு, எந்த இரண்டு சேர்ந்தாலும் சாவி வரும், ஒன்றை மட்டும் வைத்துச் சாவியைப் பற்றி எதுவும் தெரியாது. பங்குக்கு 33 ஆங்கிலச் சொல். 1,024 சொல் பட்டியலில் முதல் நான்கு எழுத்தே சொல்லைக் காட்டிவிடும் என்பதால் தகட்டுக்கு 132 எழுத்து. பங்கு பிரிக்கும்போது ஸ்லிப்-39 கேட்கும் பாஸ்வேர்டைக் காலியாக விடவும். பின்னாளில் தப்பாகப் போட்டால் பிழை என்று சொல்லாது, வேறொரு சாவியை நீட்டும்.

கோவைப் பட்டறைகளில் லேசர் கட்டிங் மிச்சமாகக் கிடைக்கும் 2 மி.மீ. எவர்சில்வர் போதும், 100 × 75 மி.மீ. 304 கிரேடு நல்லது. காந்தம் ஒட்டாததால் 304 என்று நம்ப வேண்டாம், 202-ம் ஒட்டாது. மூலைத் துளைகளை முதலிலேயே 3.3 மி.மீ. பிட்டில், மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டுப் போடவும். எழுத்து 3 மி.மீ. பஞ்ச், இடைவெளி 4 மி.மீ., வரிக்கு நான்கு சொல், ஒன்பது வரி.

அடி ஒன்றே ஒன்று, பலமாக. எவர்சில்வர் அடிபட்ட இடத்தில் இறுகிவிடும். இரண்டாவது அடி ஆழமாக்காது, எழுத்தை இரட்டையாக்கும். மர மேஜையில் தகடு துள்ளும், அடியில் ரயில் துண்டோ பட்டறைக் கல்லோ வேண்டும். சி-யும் ஜி-யும் ஆழம் குறைந்தால் ஒன்றுபோலவே தெரிகின்றன. முடிந்ததும் தகடு நடுவில் மேலே வளைந்திருக்கும். மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்திய பிறகே ரிவெட்.

சரிபார்க்க போனில் போட்டோ எடுக்கவே கூடாது, அது தானாகக் கிளவுடுக்கு ஏறும். நெட் இல்லாத லேப்டாப்பில் 1-2, 1-3, 2-3 என மூன்று ஜோடியையும் சேர்த்து, ஒரு சோதனைக் கோப்பைத் திறந்து பார்க்கவும். ஒரு பங்கில் மூன்று சொல் வரை தப்பாக இருந்தால், பங்கிலேயே இருக்கும் செக்சம் (பிழை காட்டும் சொற்கள்) கட்டாயம் பிடிக்கும்.

ஒளிப்பு: தோட்டத்து மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம். எழுத்து கதவைப் பார்த்து. வெளியே தெரியும் முதுகில் எச்.பி., போர் ஆழம் பெயின்டில். மெயினை இறக்கி, கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் துளை போடவும். இரும்புத் தூள் கான்டாக்டரில் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சுவிட்ச்) விழுந்தால் ஷார்ட். ஸ்டார்ட்டரே களவு போனாலும் போவது ஒரு பங்குதான். ஆனால் விவரம் தெரிந்தவன் தகட்டைத் திருப்பினால் இது ஸ்லிப்-39 பங்கு என்பதை மூன்றாவது, நான்காவது சொல்லே காட்டிக்கொடுக்கும்: முதல் தகட்டில் 'அகாடமிக் ஆசிட்', அடுத்ததில் 'அகாடமிக் ஏஜென்சி', மூன்றாவதில் 'அகாடமிக் ஆல்வேஸ்'.

இரண்டாவது தகடு சொந்தக்காரர் வீட்டுப் பீரோவில். மூன்றாவதை வெட் கிரைண்டர் அடியில் வைத்ததில், கழுவும் தண்ணீரும் அதிர்வும் சேர்ந்து ரிவெட் ஆடுகிறது. நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்த, அதிர்வில் கழலாத நட்டு) போட்டுப் பார்க்க வேண்டும்.