ரஸ்கோல்னிகோவுக்கு ஓட்டுப் போடச் சொல்லாதீர்கள்

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை நாங்கள் மேடையேற்றப் போகிறோம். அதன் நாயகன் ரஸ்கோல்னிகோவ் அடகுக்காரக் கிழவியைக் கொல்லலாமா வேண்டாமா என்று பார்வையாளர்களையே ஓட்டுப் போட வைக்கலாம் என்றான் எங்கள் குழுவில் உள்ள ஒரு தம்பி. "டிக்கெட்லயே க்யூஆர் கோடு அடிச்சிடலாம் அக்கா, ஸ்கேன் பண்ணா ரெண்டு பட்டன், எதுக்கு ஓட்டு ஜாஸ்தியோ அந்த வீடியோ ஓடும்." பெங்களூரில் தமிழ் நாடகக் குழு என்றால் பாதிப் பேர் சாஃப்ட்வேர் ஆட்கள்தான், இப்படி ஒரு நாவலைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஆப்தான் செய்யப் பார்ப்பார்கள். இன்டராக்டிவ் வீடியோ வேண்டும் என்று ஆரம்பித்ததே நான் என்பதால் திட்டவும் வழியில்லை.

இந்த ஓட்டு யோசனை ஒன்றும் புதிதில்லை. 1967 மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் 'கினோஆட்டோமாட்' என்று ஒரு படம் காட்டினார்கள். படம் நடுநடுவே நிற்கும், ஒருவர் மேடைக்கு வந்து இனி என்ன நடக்கட்டும் என்று கேட்பார், பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பட்டனை அமுக்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், எதை அமுக்கினாலும் கதை கொஞ்ச தூரம் போய் அதே இடத்துக்கு வந்து சேரும். அது நகைச்சுவைப் படம், அதனால் அந்தத் தந்திரமே ஒரு நக்கலாகி எடுபட்டது. தஸ்தயேவ்ஸ்கியிடம் அது நடக்காது. ஆறு பாகமும் ஒரு பின்னுரையும் உள்ள நாவலில் கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் முழுக்க அதற்கு அப்புறம் அவனுக்குள் நடப்பதுதான். 'கொல்ல வேண்டாம்' என்று அரங்கம் ஓட்டுப் போட்டுவிட்டால் எல்லாரும் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படியானால் வீடியோ எதற்கு? என்னைக் கேட்டால் இந்த நாவலில் பார்ப்பது என்பதே ஒரு பாத்திரம். யாராவது யாரையாவது கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் நெருக்கமான, புழுக்கமான அறைகளுக்குள். ரஸ்கோல்னிகோவின் அறை ஆறு எட்டு வைத்தால் முடிந்துவிடும் அளவுக்குச் சின்னது. ஜெர்மன் இயக்குநர் ஃபிராங்க் காஸ்டார்ஃப் பெர்லினில் தஸ்தயேவ்ஸ்கி நாவல்களை மேடையேற்றியபோது நடிகர்களை மூடிய அறைகளுக்குள் அனுப்பிவிட்டு, உள்ளே நடப்பதைக் கேமரா வழியாக வெளியே திரையில் காட்டினார். பார்வையாளர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் திரையில் காட்டக் கூடாது. எங்கே கேமராவை வைக்கிறோம் என்பதை விட எங்கே வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கொலைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடகு வைக்க வந்த பொருள் என்று ஒரு பொட்டலத்தைக் கிழவியிடம் நீட்டுகிறான். உள்ளே இருப்பது உதவாத மரத்துண்டும் இரும்புத் தகடும். பிரிக்க நேரமாக வேண்டும் என்றே சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறான். அவள் வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி முடிச்சோடு போராடும் அந்தச் சில நொடிகளில்தான் இவன் கோட்டுக்குள் தைத்து வைத்த சுருக்கிலிருந்து கோடரியை உருவுகிறான். எங்கள் மேடையில் கேமரா அவள் விரல்களை மட்டும் பார்க்கும். பத்தடி உயரத் திரையில் நூலும் நகமும் முடிச்சும். கோடரி திரையில் வராது, மேடையில் மங்கிய வெளிச்சத்தில் இருக்கும். பெரிய திரை இருந்தால் கண் அங்கேதான் போகும், சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோடரியைத் தவறவிடுவார்கள், கோடரியைப் பார்த்தவர்கள் சத்தம் போடாமல் இருப்பார்கள். எனக்கு வேண்டிய இன்டராக்டிவ் இதுதான், பட்டனே தேவையில்லை.

கொலைக்கு முன்னால் ரஸ்கோல்னிகோவ் ஒரு கனவு காண்கிறான், அதில் ஒரு குதிரையை அடித்தே கொல்கிறார்கள். அந்தக் குதிரைக் கனவில் வீடியோ சுத்தமாகக் கிடையாது. ஒரு நடிகர் வாயால் சொல்வார், அவ்வளவுதான்.

தொழில்நுட்பம் பற்றிக் கேட்டவர்களுக்குக் கொஞ்சம். சாதாரண வெப்கேமை லேப்டாப் வழியாகப் புரொஜெக்டருக்கு விட்டால் படம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காவது பிந்தி வரும். முகத்தைக் காட்டினால் உதடும் குரலும் ஒட்டாமல் பழைய டப்பிங் படம் மாதிரி இருக்கும், விரலைக் காட்டினால் யாருக்கும் தெரியாது. இன்னொரு தலைவலி, புரொஜெக்டர் போடும் படத்தையே கேமரா திரும்பப் பிடித்து, அது மறுபடி திரையில் விழுந்து, திரைக்குள் திரையாகப் போய்க்கொண்டே இருப்பது. இதற்கு வழி அகச்சிவப்பு, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத ஐஆர் ஒளி. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சிசிடிவி கடைகளில் ஐஆர் விளக்கு கிடைக்கும். அகச்சிவப்பை மட்டும் பார்க்கிற கேமராவை அதோடு வைத்தால் அதன் கண்ணில் நடிகர்கள் மட்டும்தான் படுவார்கள், நம் புரொஜெக்டரின் படம் அநேகமாகப் படாது.

அதே கேமரா இருட்டில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களையும் பார்க்கும். கொலையைத் துப்புத் துலக்கும் அதிகாரி போர்ஃபிரி ரஸ்கோல்னிகோவை விசாரிக்கும் காட்சிகளில் சுவர் முழுக்க உங்கள் முகங்கள்தான், சாம்பல் நிறத்தில், பளபளக்கும் கண்களோடு. இதை வாசலிலேயே சொல்லிவிடுவோம். பதிவு எதுவும் செய்வதில்லை, வேண்டாம் என்பவர்களுக்கு இடதுபுறம் கேமரா எட்டாத வரிசைகள் உண்டு. சொல்கிற வேலை கட்டியங்காரனுக்கு. அறிவிப்புப் பலகை வைப்பதற்குப் பதில் அவன் பாடியே சொல்லிவிடுவான். கூத்தில் காலங்காலமாகக் கூட்டத்தோடு பேசிப் பழகியவன் அவன்தானே.

அவனுக்கு இன்னொரு பெரிய வேலையும் இருக்கிறது. நாற்சந்தியில் நின்று, மண்ணை முத்தமிட்டு, 'நான் கொலைகாரன்' என்று எல்லாருக்கும் கேட்கச் சொல் என்கிறாள் சோனியா, ரஸ்கோல்னிகோவ் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பெண். ரஸ்கோல்னிகோவ் வைக்கோல் சந்தையின் நடுவில் மண்டியிடுகிறான், மண்ணை முத்தமிடுகிறான். கூட்டம் சிரிக்கிறது. குடித்திருக்கிறான் என்கிறார்கள், ஒருவன் இவர் ஜெருசலேமுக்கு யாத்திரை போகிறார் என்று கிண்டல் அடிக்கிறான். நாக்கு நுனி வரை வந்த சொல் அப்படியே செத்துப்போகிறது. அதாவது கூட்டம் என்ன செய்ய வேண்டும் என்பதை 1866லேயே எழுதி வைத்துவிட்டார் மனுஷன். எங்கள் அரங்கில் அந்தக் கூட்டம் நீங்கள். தலைக்கு மேலே ஒரு மைக் தொங்கும், கட்டியங்காரன் ஜெருசலேம் கிண்டலை நம்ம ஊர்ப் பாணியில் அடிப்பான், சிரிப்புச் சத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் திரையில் எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருக்கும் 'கொன்றது நான்' அழிந்துபோகும்.

"யாருமே சிரிக்கலைன்னா என்னக்கா பண்றது?" என்றான் அதே தம்பி. நல்ல கேள்விதான். யாராவது சிரிக்கும் வரை அவன் மண்டியிட்டே கிடப்பான், விளக்கும் மாறாது, இசையும் வராது என்று சொல்லிவிட்டேன். ரஸ்கோல்னிகோவாக நடிக்கிறவர் இப்போது முட்டிக்கு பேட் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.